தசமப் புள்ளியார்

சிகாகோ, நள்ளிரவு ஒன்றரை மணி. ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும்போது மூன்றாவது மாடியில் ஒருவர் மட்டும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். காதில் ஹெட்போன், மேசையில் ஆறிப்போன காபி. கடன் தொல்லையோ காதல் தோல்வியோ என்று பரிதாபப்பட வேண்டாம். அவரைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு கணக்கு: 7.3 போடுவதா, 7.4 போடுவதா?

இவர்தான் தசமப் புள்ளியார். புதிதாக வரும் பங்க், இண்டி ராக் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதி மார்க் போடுகிறவர். இன்று அவரிடம் மாட்டியிருப்பது, நான்கு பையன்கள் ஒரு கார் ஷெட்டில் பதிவு செய்த பதினோரு பாட்டு. மொத்தம் 31 நிமிடம். பையன்கள் அதை ஆறே நாளில் முடித்துவிட்டார்கள். புள்ளியாருக்கு இது எட்டாவது நாள்.

தசமம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல. 1996இல் மின்னியாபொலிஸ் பக்கத்தில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த ரயன் ஷ்ரைபர், பெற்றோர் வீட்டிலிருந்தபடியே பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழைத் தொடங்கினார். அங்கே வேரூன்றியதுதான் 0.0 முதல் 10.0 வரை மார்க் போடும் வழக்கம். எண்ணிப் பார்த்தால் 101 படிகள். சாம்பாரில் உப்பு எப்படி என்று கேட்டால் உலகத்தில் மூன்று பதில்தான் உண்டு: சரி, கம்மி, ஜாஸ்தி. ராக் இசைக்கு மட்டும் 101.

மார்க் போடுகிற பரம்பரை இன்னும் பழையது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழில் ராபர்ட் கிறிஸ்ட்கௌ 1969இலேயே பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஏ பிளஸ், பி மைனஸ் என்று ஆல்பங்களுக்கு கிரேடு கொடுக்கத் தொடங்கிவிட்டார். அமெரிக்க ராக் விமர்சகர்களின் ‘டீன்’ என்று விளையாட்டாகத் தனக்கே ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டார், பட்டம் ஒட்டிக்கொண்டது. பாடகர் லூ ரீடுக்கு இது பொறுக்கவில்லை. 1978இல் வந்த ‘டேக் நோ பிரிசனர்ஸ்’ மேடை ஆல்பத்தில், பாட்டுக்கு நடுவிலேயே, ஒரு வருஷம் உழைத்தவனுக்கு இந்த ஆள் பி பிளஸ் போடுகிறானே என்று வசைபாடித் தள்ளினார். வசையும் ஆல்பத்தில் ஏறியது. கிறிஸ்ட்கௌ என்ன செய்தார்? தன் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு லூ ரீடுக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்துக்கு சி பிளஸ் போட்டார். புள்ளியார் வீட்டில் சாமி படம் மாட்டும் பழக்கம் இருந்தால், இந்தக் காட்சிக்குத்தான் தினமும் பூ வைத்திருப்பார்.

ஆளைத் தெருவில் கண்டுபிடிப்பது சுலபம். கறுப்பு டி-ஷர்ட்; மார்பில் ஒரு பேண்டின் பெயர், யாராலும் படிக்க முடியாத எழுத்தில். எவராவது அதைப் படித்து, “அட, எனக்கும் இவங்களப் பிடிக்குமே!” என்று சொல்லிவிட்டால், அன்றோடு அந்தச் சட்டை தரை துடைக்கப் போய்விடும்.

அவருடைய ரசனைக்கும் இதே சட்டம்தான். ஒரு பேண்டை 40 பேர் கேட்கும்வரை அது ‘இந்தக் காலத்தின் தவிர்க்க முடியாத குரல்’. 4,000 பேர் கேட்டால் ‘சற்றே பளபளப்பு கூடிவிட்டது’. பல் டாக்டரின் வரவேற்பறையில் அந்தப் பாட்டு ஒலிக்கத் தொடங்கினால், ‘அந்த முதல் டெமோ கேசட்டில் இருந்த நெருப்பு எங்கே?’ அந்த கேசட்டில் மொத்தமே 50 பிரதி. ஒன்று அவரிடம் இருக்கிறது. ஓட்டிக் கேட்க அவரிடம் டேப் ரெக்கார்டர்தான் இல்லை.

பங்க் கிளையைச் சேர்ந்த புள்ளியார் இன்னும் கெடுபிடியானவர். அவருடைய குலமுதல்வர் லண்டனில் வங்கி குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி. 1976இல் ரமோன்ஸ் பேண்டின் இசையைக் கேட்டுக் கிறுகிறுத்துப்போய், ஃபெல்ட் பேனாவும் தட்டச்சுமாக ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற இதழைக் கைவேலையாகவே தொடங்கினார். அது விற்க ஆரம்பித்து, பெயரும் எடுத்த பிறகு, அடுத்த ஆண்டே கடையைக் கட்டிவிட்டார். கலிபோர்னியாவில் 1982இல் இதழாக வரத் தொடங்கிய ‘மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ வைத்திருந்த விதி அதைவிடக் கறார்: பெரிய கம்பெனி வெளியிட்ட ஆல்பமா? விமர்சனமே கிடையாது. திட்டக்கூட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பகையாளிக்கு இலையே போடாமல் விடுவார்களே, அந்த ரகம்.

இனி, அவர் எழுதும் லட்சணம்.

முதல் பத்தியில் ஆல்பம் வராது. புள்ளியார் பன்னிரண்டு வயதில் மாமா வீட்டு நிலவறையில் கண்டெடுத்த துருப்பிடித்த சைக்கிள் வரும், மழை வரும். இரண்டாவது பத்தியில் ஒரு பிரெஞ்சுத் தத்துவ மேதை தலைகாட்டிவிட்டுப் போவார். மூன்றாவதில்தான் கிட்டார். அதை யாரும் வாசிப்பதில்லை. அது ‘அறுக்கிறது’, ‘கீறுகிறது’, ‘இழைக்கிறது’. ஒரு தச்சுப் பட்டறைக்கு வேண்டிய வினைச்சொல் எல்லாம் அங்கே கிடைக்கும். அடுத்து ஒப்பீடு: ‘பிக்ஸீஸும் வயரும் பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்ள, ஜாய் டிவிஷன் படியில் இறங்கிப் போவது போல.’ இந்த மூன்று பேண்டையும் கேட்டிராதவருக்கு இது புரியாது. கேட்டவருக்கும் புரியாது, ஆனால் அவர் வெளியே சொல்லமாட்டார்.

இப்படி எழுதுவதற்கு முன்னோர் காட்டிய வழியும் இருக்கிறது. 2000இல் ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 10.0 கொடுத்தபோது, அந்த விமர்சனத்தின் உவமைகள் விண்வெளிக்கே ஏறிவிட்டன. ஆல்பத்தோடு சேர்ந்து விமர்சனமும் புகழ் பெற்றது. மறு ஆண்டு டூல் பேண்டின் ‘லேட்டரலஸ்’ ஆல்பத்துக்கு 1.9. விமர்சனம் ஒரு பள்ளிப் பையன் எழுதிய கட்டுரை மாதிரி நையாண்டியாக வந்தது. 2006இல் ஜெட் என்ற ஆஸ்திரேலிய பேண்டுக்கு எழுத்தே செலவாகவில்லை: 0.0, கூடவே ஒரு சிம்பன்ஸி தன் வாயிலேயே சிறுநீர் கழித்துக்கொள்ளும் வீடியோ. 2008இல் பிளாக் கிட்ஸ் பேண்டுக்கு 3.3, இரண்டு பக் நாய்களின் படம், ‘மன்னிக்கவும்’ என்று ஒரு சொல். அவ்வளவுதான் விமர்சனம். இவற்றையெல்லாம் புள்ளியார் மனப்பாடமாகச் சொல்வார், செய்யுள் ஒப்பிப்பது மாதிரி.

சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த எண்ணுக்கு ஒரு காலத்தில் பல்லும் நகமும் இருந்தன. 2004இல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘ஃப்யூனரல்’ 9.7 வாங்கியது. மெர்ஜ் என்ற சிறிய லேபிளின் கையிருப்பு காலியாகி, கேட்ட கடைகளுக்குக் கொடுக்கப் பிரதி இல்லாமல் போனது. அதே ஆண்டு பாடகர் ட்ராவிஸ் மாரிசன் தனியாக வெளியிட்ட ‘ட்ராவிஸ்டான்’ வாங்கியது 0.0. அதுவரை தன்னைச் செல்லமாகப் பார்த்த ரசிகர்களின் பார்வை ஒரே இரவில் மாறிவிட்டது என்று அவரே பின்னால் சொன்னார். இரண்டுக்கும் நடுவே இருப்பது பத்துக்குள் அடங்கும் ஒரு கழித்தல் கணக்கு.

எல்லோரும் பொறுத்துக்கொண்டு போனதில்லை. 1976இல் லண்டனில் தி க்ளாஷ் வாசித்ததைக் கேட்ட என்.எம்.இ. வார இதழின் சார்லஸ் ஷார் மர்ரே, இவர்களைத் திரும்ப கராஜுக்கே அனுப்பி, காரின் எஞ்சினையும் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினால் தேவலை என்கிற பொருள்பட எழுதினார். பையன்கள் ‘கராஜ்லேண்ட்’ என்று ஒரு பாட்டே கட்டி, 1977இல் வந்த தங்கள் முதல் ஆல்பத்தின் கடைசியில் வைத்தார்கள். திட்டியவர் எழுதிய மற்ற வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாட்டு இன்றும் ஒலிக்கிறது.

நம் புள்ளியாருக்கும் ஒரு ‘கராஜ்லேண்ட்’ நேர்ந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினார். 7.3 என்று முடிவுகட்டி விமர்சனம் வெளியான வாரம், ஒரு சின்ன பாரில் அதே நான்கு பையன்களின் கச்சேரி. ஓரமாக நின்ற புள்ளியாரை டிரம்ஸ் வாசிக்கிற பையன் கண்டுபிடித்துவிட்டான்.

“சார், ஒரே ஒரு டவுட். மீதி 2.7 எங்க போச்சு?”

புள்ளியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது தம்பி. மூணாவது பாட்டுல கொஞ்சம் போச்சு. கோரஸ் ரொம்ப சுலபமா வாயில ஒட்டிக்குது.”

“அது நான் எழுதினது, சார்.”

“அப்படியா?” என்றார் புள்ளியார். கோக் வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. மனம் மாறுவதும் இந்தத் தொழிலில் உண்டு என்று அவருக்குத் தெரியும். லெஸ்டர் பேங்ஸ் 1969இல் ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதிய முதல் விமர்சனத்திலேயே எம்.சி.5 பேண்டைப் போட்டு மிதித்தார். பிறகு அவர்களுக்கே ரசிகரானார். 2003இல் பாடகி லிஸ் ஃபேர் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க்கில் 0.0 போட்டவர், 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021இல் அந்த இதழே 19 ஆல்பங்களை மறுபடி திருத்தியபோது லிஸ் ஃபேருக்கு 6.0 கிடைத்தது. இன்டர்போல் பேண்டின் 9.5 ஆனால் 7.0க்கு இறங்கியது. மறுகூட்டலில் மார்க் குறைவதும் உண்டு என்பதைப் பரீட்சை எழுதிய எவரும் அறிவார்கள். ஆனால் ரிசல்ட்டுக்கு 18 வருஷம் காத்திருப்பது கொஞ்சம் அதிகம்.

காலமும் அவரை நக்கல் செய்கிறது. 2015இல் பிட்ச்ஃபோர்க்கை வாங்கிய காண்டே நாஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் அதை ஜிக்யூ என்ற ஆண்கள் இதழோடு சேர்த்துவிட்டது. கோட்டுப் போட்டவரைக் கண்டால் தெரு மாறிப் போகிற புள்ளியார் வர்க்கத்துக்கு, கோட்டும் கைக்கடிகாரமும் விற்கிற வீட்டில் ஒண்டுக்குடித்தனம். விளம்பரப் பிரதிகளாக வந்து குவியும் இசைத்தட்டுகளை, ‘விற்பனைக்கு அல்ல’ என்ற முத்திரையோடு பழைய தட்டுக் கடையில் போட்டு மாத வாடகையில் ஒரு துண்டை அடைத்த காலமும் போய்விட்டது. இப்போது வருவது வெறும் லிங்க். அதை எந்தக் கடையில் எடைக்குப் போடுவது?

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை. புள்ளியார் தொட்டியடியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். ஹெட்போன் இல்லை, குறிப்பேடு இல்லை. வாய் எதையோ முணுமுணுக்கிறது. தட்டைக் கவிழ்த்து வைத்தவர் சட்டென்று நிற்கிறார். மூன்றாவது பாட்டு, அந்த டிரம்ஸ் பையன் எழுதிய கோரஸ். அக்கம்பக்கம் ஒருமுறை பார்க்கிறார். யாரும் இல்லை. கவிழ்த்த தட்டையே மறுபடி எடுத்து, கோரஸ் முடியும்வரை கழுவுகிறார்.