கென்யா போய் வந்த சார்

அவரிடம் ஒரு மைனாவைக் காட்டிப் பாருங்கள்.

"கென்யாவுல இதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான் தம்பி, சூப்பர்ப் ஸ்டார்லிங். முதுகு பளபளன்னு நீலம், வயிறு செங்கல் கலரு. லாட்ஜ்ல நம்ம தட்டுக்குப் பக்கத்துலயே வந்து நிப்பான்." மைனா அதற்குள் பறந்திருக்கும். அவமானம் தாங்காமலும் இருக்கலாம்.

அடையாற்றங்கரை மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருந்தால், "மசாய் மாராவுல இதுக்கு மார்பே ஊதா" என்பார். எருமை முதுகில் உண்ணிக்கொக்கு நின்றால், "அங்க காட்டெருமை மேல நிக்கும்." போதாக்குறைக்கு, பட்டியல் போடுகிறவர்கள் ஆப்பிரிக்க உண்ணிக்கொக்கு வேறு, நம்முடையது வேறு என்று பிரித்துவிட்டார்கள். அவருக்குக் கணக்கில் ஒன்று கூடியது. நமக்கு அரைமணிநேர விளக்கம் கூடியது.

நெடுங்கால் உள்ளானிலாவது மடக்கிவிடலாம் என்று நினைத்தோம். இங்கும் அங்கும் ஒரே இனம். சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து அது நடப்பதைச் சற்று நேரம் பார்த்தார். "அதேதான். ஆனா அங்க லைட்டு வேற."

பள்ளிக்கரணையில் பூநாரைகள் வந்து நின்ற காலையில் எல்லோரும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் போகோரியா ஏரியைத் திறந்துவிட்டார். சோடா ஏரியாம், வெந்நீர் ஊற்றாம், கரை முழுக்க ரோஸ் கலராம். பிறகு ககமேகா மழைக்காடு, அப்புறம் கடலோரத்து அரபுகோ சொகோகே காட்டில் பகலில் தூங்கும் குட்டி ஆந்தை. பள்ளிக்கரணை 2022-இல் சர்வதேச ராம்சார் ஈரநிலமானது சார் என்றேன். நல்லது என்றார், பியூன் வேலை கிடைத்த பையனை வாழ்த்துவதுபோல.

கூரை திறக்கும் வண்டியும், பறவையைக் கண்டுபிடித்துத் தரும் வழிகாட்டியும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயர் வாசிக்க டிக் அடிக்கும் சபையும் அவரைக் கெடுத்துவிட்டன. வண்டியின் மூக்கு பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி என்று திசை சொல்வது அங்கே வழக்கம். எங்கள் பொழிச்சலூர் மொட்டைமாடிக்கு மூக்கு ஏது? விமான நிலையத்தைப் பன்னிரண்டு மணியாக அவரே அறிவித்துவிட்டார்.

ஆளைக் குறையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாக்கத்தில் பைனாகுலர் இல்லாமல் நின்ற ஒரு பையனுக்காகத் தன் ஸ்கோப்பின் கால்களைக் குட்டையாக்கி, மண்ணில் முட்டிபோட்டு நீலத் தாழைக்கோழியைக் காட்டினார். அன்று கென்யா வாயில் வரவில்லை.

ஆனால் இந்த அன்பெல்லாம் காக்காவோடு நின்றுபோகிறது. எங்கள் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வட திருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமை கூட்டத்துக்குச் சமமாகச் சனீஸ்வரனின் வாகனமும் கூடும். காலைப் பட்டியலில் காக்கா எழுதப்போனால், "அதெல்லாம் எதுக்கு தம்பி?" என்று தடுத்துவிடுவார். அவருடைய கென்யப் பட்டியலை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். மொம்பாசாவுக்கு நேரே காக்கா. டிக். நம்ம ஊர்க் காக்காவேதான்! இந்தியாவிலிருந்து 1890-களில் சான்சிபார் தீவுக்குப் போய், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெல்லாம் பெருகி, உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெயரைக் கெடுத்துக்கொண்டது. பத்து லட்சம் காக்காய்களை ஒழிக்கப்போவதாக 2024-இல் கென்ய வனவிலங்குத் துறை அறிவிக்கும் அளவுக்கு. அந்தக் காக்காவைப் பார்க்க இவர் விசா எடுத்துப் போயிருக்கிறார்.

எனக்கு வருத்தம் இதில் இல்லை. 2015-லிருந்து ஒவ்வொரு ஜனவரியும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால்மணிநேரம் நின்று, பார்த்ததை எண்ணி எழுதினால் போதும். சதுப்பு நிலத்தை யாராவது நிரப்ப வந்தால் காட்டுவதற்கு அந்தக் கணக்குத்தான் கையில் இருக்கும். எங்களில் யாரையும்விடப் பறவை தெரிந்தவர் அவர். ஒரு வருஷமும் வந்ததில்லை.

இந்த முறையாவது வாருங்கள் என்று வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"பொங்கலுக்கு டான்சானியா தம்பி. டிக்கெட் போட்டாச்சு."

"அங்கேயும் நம்ம காக்காதான் சார் இருக்கும்."

"இருக்கட்டுமே. அது கென்யா லிஸ்ட்ல ஏறினது. டான்சானியா லிஸ்ட் வேற."