சின்ன மீனைப் பெரிய மீனாக்குவது எப்படி?

மீன் வளர மாட்டேன் என்று அடம்பிடித்தால் தூண்டிலைச் சிறிதாக்கிவிட வேண்டும். அல்ட்ராலைட் என்ற மார்க்கத்தின் மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான்.

கடலில் கொடுவா பிடிக்கிற ராடில் கால் கிலோ ஜிலேபிக் கெண்டை மாட்டினால், மாட்டியதே தெரியாது. கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் “அட, நீயா?” என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அதே ஜிலேபி, நூறு கிராம்கூட எடையில்லாத ராடில், தலைமுடியோடு போட்டி போடும் நரம்பில், லூர் என்கிற இரண்டு கிராம் போலி இரையைக் கவ்வட்டும். ராடு வளையும், ரீல் அலறும், பிடிப்பவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மீன் என்னவோ அதே மீன்தான். எதிராளியைப் பயில்வானாக்க முடியாததால் நாம் நோஞ்சானாகிவிட்டோம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதெல்லாம் தேவையா என்றால், அவனுக்குத்தான் முதலில் தேவை. ஊருக்கு நடுவே ஓடும் கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த ஆறு, இன்னும் புதுசாகவே இருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகு திறந்தால் நல்ல வருஷம். ஜனவரி கடைசியில் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அங்கங்கே குட்டையாகத் தேங்கும் தண்ணீரில் மிஞ்சியிருப்பவை உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாது. பெரிய மீனுக்குக் காத்திருந்தால் ஓய்வூதியமே முடிந்துவிடும். ஆகவே உள்ளங்கை மீனைத் திமிங்கலமாக்கும் வித்தை படிப்பதுதான் உத்தமம்.

வித்தையின் சாமான்களைச் சொல்கிறேன். ராடு ஐந்தடியிலிருந்து ஏழடிக்குள். கைப்பிடிக்குச் சற்று மேலே, எவ்வளவு எடை லூரை வீசலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 1 முதல் 5 கிராம் என்பது வழக்கம். ரீல் உள்ளங்கையில் அடங்கும். நரம்புக்கு ஜப்பான்காரர்கள் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்கள். பிஇ 0.4 என்றால் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். இழை இழையாகப் பின்னிய இந்த நரம்பு கல்லில் உரசினால் பொசுக்கென்று அறுந்துவிடும் என்பதால், முனையில் ஃபுளோரோகார்பன் நரம்பு ஒரு முழம் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கு எஃப்ஜி என்றொரு முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றின் மேல் இடமும் வலமுமாக இருபது தடவை பின்ன வேண்டும், அதுவும் காற்றில், கரையில் நின்றுகொண்டு. இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படைச் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. முடிச்சுப் போடக் கண் இருக்கிற வயதில் ராடு வாங்கக் காசு இருப்பதில்லை. காசு வரும் வயதில் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது.

இவ்வளவு லேசான லூரை வீச முடிவதற்கே ஒரு நூற்பாலை முதலாளிதான் காரணம். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த். அதுவரை ரீல் என்றால் வீசும்போது உருளை சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைக் கிளப்பவே கனமான ஈயம் வேண்டும். ஆலையில் நூல்கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் அதன் தலைவழியே நழுவிப் போவதைப் பார்த்த மனிதர் அதையே ரீலாக்கி 1905இல் காப்புரிமை வாங்கிவிட்டார். கண்டு சுழலாததால் ஒரு சிட்டிகை எடைகூட நரம்பை இழுத்துக்கொண்டு போகும். கோயம்புத்தூரில் அத்தனை ஆலை ஓடியும் ஒருத்தருக்கும் இது தோன்றாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

லூர் விஷயத்துக்கு வருவோம். கிராம் கணக்கில் விலை விசாரித்து எங்கள் வீட்டுக்குள் வந்த பொருள்கள் அதுவரை இரண்டு: தங்கம், குங்குமப்பூ. மூன்றாவதாக லூர் வந்தபோது என் மனைவி பில்லை எடுத்து, விலையை எடையால் வகுத்து, விடையைச் சத்தமாகப் படித்தாள். நான் வரலாற்றுக்குள் தப்பித்தேன்.

ஃபின்லாந்தில் லௌரி ராப்பலா என்றொரு ஏழை மீனவர். கூட்டமாகப் போகும் பொடி மீன்களில் தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்று கண்டுகொண்டார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றி வந்த ஜிகினாத் தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூச்சாகப் பூசி, தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். பல வருஷம் அது உள்ளூர்ச் சரக்காகவே கிடந்தது. 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. அந்த இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்துபோயிருந்த மர்லின் மன்றோ. அழகிக்காக வாங்கியவர்கள் உள்ளே புரட்டினால் மரமீன். ஆர்டர்கள் வந்து குவிந்தன. மீன் கவ்வுவதற்கு முன்னால் மனுஷன் கவ்வ வேண்டும் என்ற தொழில் ரகசியம் அன்றைக்கே வெளியாகிவிட்டது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பாட்டு நேரம், வாய் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜூலியோ புயல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்பூன் தவறி ஏரியில் விழுந்ததாம். பளபளவென்று ஆடி ஆடி இறங்கிய அதை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். வீட்டுக்குப் போய் ஸ்பூனின் கைப்பிடியை வெட்டியெறிந்து, கிண்ணத்தில் முள் மாட்டி, 1852இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். கதையில் பாதி அளப்பாக இருக்கலாம், காப்புரிமை நிஜம். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. பாயசத்தை டம்ளரில் குடிக்கிறோம்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஆடியில்தான் புது ஆற்றிலும் தண்ணீர் ஓடும். அம்மிக்கே அந்த கதி என்றால் இரண்டு கிராம் லூரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கிழக்கே வீசினால் மேற்கே போகிறது. சில சமயம் வீசியவரின் முதுகுப்பக்கம் சட்டையில் மாட்டிக்கொண்டு, ஆற்றில் எங்கே விழுந்தது என்று தேடவைக்கிறது. நரம்பு காற்றில் தொய்ந்து ரீலுக்குள் சிடுக்காகச் சுருண்டால் அன்றைய தினம் அத்தோடு முடிந்தது. காற்று நின்றால்தான் அல்ட்ராலைட். அதனால்தான் இந்த மார்க்கத்தில் இருப்பவர்கள் அதிகாலையில் எழுகிறார்கள். பார்ப்பவர்கள் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏரி குளங்களில் காற்று தவிர இன்னொரு தடையும் உண்டு. மீன் பாசியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரிடம் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. பக்கத்து ஊர்க் குளத்துக் குத்தகைக்காரரிடம் போய் மரியாதையாகக் கேட்டேன். “எதால புடிப்பீங்க, காட்டுங்க” என்றார். உள்ளங்கையில் லூரை வைத்து நீட்டினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் புழு, ஒரு சொட்டு ஈயத்தலை. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்க எப்ப வேணா வந்து போங்க சார்” என்று காசே வாங்காமல் அனுப்பிவைத்தார். அவருடைய பெருந்தன்மையை இன்றுவரை நான் ஆராயவில்லை.

ஜிலேபி விஷயத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்ட மீன். சாப்பாட்டுக்கு ஆகும் என்று விட்டார்கள். அது சாப்பாட்டைவிடக் குடும்பத்தைத்தான் பெரிதாக நினைத்தது. வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரித்து, குளம் முழுக்க நெரிசலாகி, எல்லாமே விரல்நீளத்தில் வளர்ச்சி நின்று கிடக்கும். எங்கள் ராடுக்கென்றே அளவெடுத்த மீன். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாய்க்குள் வைத்து வளர்ப்பதால் அப்போது அது கிட்டத்தட்டப் பட்டினிதான். ஆண்மீனோ அடித்தரையில் தட்டு அகலத்துக்குக் குழி பறித்து, அதைச் சுற்றியே காவல் கிடக்கும். அந்தக் குழியின் மேல் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு ரப்பர் புழு மெதுவாகப் போனால் ஐயாவுக்குப் பொறுக்காது. வீட்டு வாசலை அடைத்து எவனோ பைக்கை நிறுத்திவிட்டுப் போனால் நமக்கு வருமே, அதே எரிச்சல். வாயால் கவ்வி அப்புறப்படுத்தப் பார்க்கும். மண்புழு போடுகிறவர் மீனின் பசியை நம்பியிருக்கிறார். நாங்கள் மீனின் கோபத்தை நம்பியிருக்கிறோம். பசி அடங்கும், கோபம் அவ்வளவு சுலபத்தில் அடங்காது.

ஒரு நாள் புது ஆற்றுப் படித்துறையில் அப்படி ஒரு கோபக்காரன் கவ்வினான். ரீலின் தலையில் ட்ராக் என்று ஒரு திருகு உண்டு. அதை இறுக்கி வைத்தால் நரம்பு அறும், தளர்த்தி வைத்தால் மீன் இழுக்க இழுக்க நரம்பு கிர்ரென்று உருவிக்கொண்டு போகும். நான் தாராளமாகத் தளர்த்தி வைப்பவன். அந்தச் சத்தம் ஒன்றுக்குத்தானே இவ்வளவு செலவும்! ராடின் நுனி தண்ணீரைத் தொட்டது. பாலத்தில் போன டிவிஎஸ் ஃபிஃப்டி நின்றது. பின்னாலேயே டியூஷன் பையன்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்கள்.

“அண்ணே விட்றாதீங்க, விரால்ணே!”

“விரால் இல்லடா, இழுவையப் பாத்தா கெளுத்தி.”

“ரோகுடா. ரெண்டு கிலோ இருக்கும்.”

ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். டிவிஎஸ்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கி, மீனை அணைத்துத் தூக்க இரண்டு கையையும் விரித்துத் தயாராக நின்றார். நானும் என் பங்குக்குப் பல்லைக் கடித்து, பின்னால் சாய்ந்து, ஓரடி முன்னே போய், ஓரடி பின்னே வந்தேன். கடைசியில் தண்ணீரைப் பிளந்துகொண்டு, உள்ளங்கையில் பாதி அளவு ஜிலேபி ஒன்று, உதட்டோரத்தில் ரப்பர் வால் ஆட, முதுகு முள்ளை விரைத்துக்கொண்டு வந்தது.

“இதுக்கா?” என்றார் டிவிஎஸ்காரர், விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல். படம் எடுத்த பையன் எடுத்ததை அழித்தான்.

படித்துறையில் பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் ராடை வாங்கி, நுனியை விரலால் வளைத்துப் பார்த்தார். “மீனுக்கு ஒண்ணும் பலம் இல்ல தம்பி. உங்க கம்புதான் சோப்ளாங்கி.” அல்ட்ராலைட் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த நிபுணர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

விரால் வந்தால் கதையே வேறு. கவ்விய வேகத்தில் கரையோர நெய்வேலிக் காட்டாமணக்கு வேருக்குள் நேராகப் போய்ப் புகுந்துகொள்ளும். 0.1 மில்லிமீட்டர் நரம்பு என்ன செய்யும்? விலை உயர்ந்த ரப்பர் புழுவோடு விடைபெற்றுக்கொள்ளும். இதிலே எனக்குப் பிடிக்காத வேலை ஒன்றும் இருக்கிறது. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று பந்தாகத் திரண்டு மேலே வரும் சமயத்தில், அடியிலே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் எதைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும் என்று தெரிந்தே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவர்கள் போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்குப் பலகாரம். அந்தச் சிவப்பைப் பார்த்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

மேலைநாட்டில் இந்த மார்க்கத்துக்காரர்கள் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட்டு, தண்ணீரிலேயே கழற்றி விடுவது நாகரிகம். கெண்டைக் குஞ்சுகளுக்கு நானும் அப்படித்தான். ஆனால் “விட்டுட்டு வந்தேன்” என்று தஞ்சாவூரில் எந்த வீட்டில் சொல்ல முடியும்? “எதுவும் மாட்டல” என்று சொன்னால்கூட மன்னிப்பார்கள். ஜிலேபி விஷயத்தில் தர்மமே தலைகீழ். வந்தேறி மீன், நம்மூர் மீன்களின் இடத்தை அடைக்கிறது, அதைத் திரும்ப விடுவது புண்ணியக் கணக்கில் சேராது. ஆகவே கொள்கைப்படி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

“என்னங்க இது?” என்றாள் மனைவி, பையைத் திறந்து.

“ஜிலேபி.”

“அது தெரியுது. இத ஆயறதுக்கு நான் அரை நாள் லீவு போடணுமா? செதில் ஒரு பக்கம், முள்ளு ஒரு பக்கம், நடுவுல சதைன்னு ஒண்ணு இருந்தாத்தானே! மார்க்கெட்ல ஒரு கிலோ வாங்கினா அவங்களே வெட்டிக் குடுப்பாங்க.”

நான் மறுபடியும் வரலாற்றுக்குள் தப்பிக்கப் பார்த்தேன். ஜப்பானில் தனாகோ என்றொரு மீன் இருக்கிறது, அதைப் பிடிப்பதை எடோ காலத்திலிருந்தே ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள் என்றேன். பூதக்கண்ணாடி வைத்து முள்ளைத் தீட்டுவார்கள். நாமெல்லாம் பெரிய மீனுக்கு அலைகிறோம், அவர்களுக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெருமை. ஒரு யென் நாணயம் இரண்டு சென்டிமீட்டர் அகலம். அதன் மேல் வைத்தால் வாலோ தலையோ வெளியே நீட்டாத மீனைப் பிடித்தவர்தான் அங்கே பெரிய ஆள். என்னுடையதெல்லாம் அந்த ஊர்க் கணக்கில் திமிங்கலம்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப அதையே புடிச்சிட்டு வாங்க. ஆயவே வேணாம். மஞ்சத்தூள் போட்டு அப்படியே வறுத்துர்றேன்.”