நான்தான் படிக்க வைக்கிறேன்

அவளுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, ஆவடியில் குடித்தனம், சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில் எம்.காம். 1981-இல் தொடங்கிய அந்தத் தொலைதூரக் கல்வி நிறுவனம் வீட்டுக்கே பாடம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் படிப்பதற்கான நேரத்தை அனுப்ப வழியில்லை. அதை மின்சார ரயிலின் மகளிர் பெட்டி தருகிறது. அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கம் வருவதற்குள் கணக்கியலில் இரண்டு பக்கம், அதுவும் உட்கார இடம் கிடைத்தால்.

வீட்டில் எல்லோரும் ஆதரவுதான். “நீ நிம்மதியா படிம்மா” என்கிறார் மாமியார், “சமையலை முடிச்சுட்டு.” கணவர் இன்னும் தாராளம்: டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் காபி கேட்பார். சொந்தக்காரர் கல்யாணங்களில், “நான்தான் படிக்க வைக்கிறேன்” என்று மார்தட்டுகிறார். கட்டணம் போவது அவள் சம்பளத்திலிருந்து. பாஸானால் இருவருக்கும் பெருமையாம். அரியர் விழுந்தால் மட்டும் அவளுடையது.