சிவப்பாய் இருந்தால் போதும்

நம்மூரில் ஆப்பிள் வாங்குகிறவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகிறோம். வெறுங்கையோடு போக முடியாது. “நல்லா செவப்பா பார்த்துப் போடுங்கண்ணே” என்கிறோம். கடைக்காரர் பளபளவென்று ரெட் டெலிசியஸைப் போடுகிறார். நோயாளியும் அதைத் தின்பதில்லை. சாயங்காலம் இன்னொரு வார்டில் இன்னொரு நோயாளியைப் பார்க்க அது கிளம்பிவிடும்.

தின்னாதவரைத் தப்பு சொல்ல மாட்டேன். தோல் தடிமன், லேசான கசப்பு, உள்ளே மாவு. ஆப்பிளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின். நாள்பட நாள்பட அது கரைந்துவிடும். அப்புறம் கடித்தால் செல் உடைந்து சாறு வராது. செல்கள் முழுசாகப் பிரிந்து, சாற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு வாயில் உதிரும். மாத்திரைக்குத் தண்ணீர் கேட்கும் மனிதர் இதற்கும் தண்ணீர் கேட்க வேண்டியதாகிறது.

ஆனால் பிறக்கும்போது ரெட் டெலிசியஸ் இப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அயோவாவில் ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயியின் தோட்டத்தில், வரிசை தப்பி ஒரு கன்று முளைத்தது. வெட்டினார், துளிர்த்தது, மறுபடி வெட்டினார், மறுபடி துளிர்த்தது, போய்த்தொலை என்று விட்டுவிட்டார் என்பது கதை. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பழத்தின் உரிமையை 1890-களில் ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணை வாங்கியது. பிறகு எந்தக் கிளையில் பழம் கூடுதலாகச் சிவந்ததோ, அந்தக் கிளையையே தேடித் தேடி ஒட்டுக்கட்டினார்கள். நிறம் ஏற ஏற ருசி இறங்கியது. அமெரிக்கர்களும் கண்ணால்தான் வாங்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.

1916-இல் டெலிசியஸ் கன்றுகளை இமாச்சலத்தின் கோட்கர் பக்கம் கொண்டுவந்து நட்டவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். பின்னாளில் சத்யானந்த் ஆனார். அப்பேர்ப்பட்டவர் மேல் பழிபோட மனம் வரவில்லை. மரத்திலிருந்து பறித்த சூட்டோடு தின்றால் டெலிசியஸும் நறுக்கென்றுதான் இருக்கும். சென்னை வந்து சேர்வதற்குள்தான் மாவாகிவிடுகிறது.

இந்தக் குடும்பத்தில் உருப்பட்ட பிள்ளை ஃபியூஜி. ஜப்பான்காரர்கள் ரெட் டெலிசியஸோடு ரால்ஸ் ஜெனட் என்ற ரகத்தைச் சேர்த்து உருவாக்கி, 1962-இல் வெளியிட்டார்கள். கெட்டியான சதை, கடித்தால் மோவாயில் வழியும் சாறு, நல்ல இனிப்பு, சட்டென்று கெடாத உடம்பு. குறை ஒன்றே: வெளுத்த சிவப்பு. ஒருமுறை மாமாவுக்கு வாங்கிப் போனேன். அவர் கடித்த சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். அத்தை மட்டும் பைக்குள் எட்டிப் பார்த்து, “ஏம்ப்பா, பழுத்தது கிடைக்கலையா?” என்றார்.

காலா என்ற ரகம் சின்னது, மெல்லிய தோல், குழந்தைகளுக்குச் சரி. கிரீன் ஆப்பிளை, அதாவது 1868 வாக்கில் சிட்னிப் பக்கம் மரியா ஆன் ஸ்மித் கண்டெடுத்த கிரானி ஸ்மித்தை, டயட்காரர்கள் முகம் சுளித்தபடி தின்கிறார்கள். பாவம், அவர்களிடம் யாரும் சொல்லவில்லை: கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சாத ஒரே ஆப்பிள் அதுதான்.

நான் படுத்தால் ஃபியூஜி, இல்லாவிட்டால் சாத்துக்குடி என்று மனைவியிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்தவள், “முதல்ல படுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதத் தொடங்கினாள்.