றோட்டைக் காட்டு, தம்பி!

எங்கள் காலத்துப் பெடியள் றோட்டில் கவனமாகப் போனார்கள் என்று என் வயதுக்காரர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். எண்பதுகளில் எங்கள் வேலணைத் தீவு றோட்டில் நாலு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போகும். கதை முடியும்வரை ஒருவரும் ஒதுங்க மாட்டோம். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்தே களைத்துவிடும். டபிள்ஸ் போனாலும், டைனமோ லைட் எரியாவிட்டாலும் பொலிஸ்காரர் மறித்துக் காற்றைத் திறந்துவிடுவார். விழுந்தால் முழங்கால் உரியும். அந்த வேகத்தில் சாவதென்றால் நிறையப் பாடுபட வேண்டும்.

1990, 91இல் யுத்தத்தால் தீவுச் சனம் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்தது. அங்கே பெற்றோல் தடை, மின்சாரமும் இல்லை. கொஞ்சம் பெற்றோலை ஊற்றி எழுப்பிய மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். ஒருவர் பெடலைச் சுற்றச் சுற்ற டைனமோவில் ரேடியோ பேசும். செய்தி வேண்டுமானால் சைக்கிள் நிற்க வேண்டும். இவ்வளவு கறாரான வீதிச் சட்டத்தை எந்தப் பாராளுமன்றமும் இயற்றியதாக நான் அறியேன்.

இப்போது போனில் செய்தியும் ஓடுகிறது, பெடியனும் ஓடுகிறான். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு லீசிங் கம்பனிகள் வந்தன, கார்ப்பெற் றோட்டு வந்தது. தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேரான றோட்டு. முறுக்கச் சொல்லிக் கை துடிக்கும். லைசன்ஸ் எடுக்க 18 வயதாக வேண்டும். பல்சர் மோட்டார் சைக்கிள் எடுக்க ரொறன்ரோவில் ஒரு மாமன் இருந்தால் போதும்.

அந்த மாமன்தான் போனில் எடுக்கிறார். அவருக்குக் காலைக் கோப்பி நேரம், இங்கே பொழுது சாய்கிறது. ஊரைப் பார்க்காமல் அவருக்குக் கோப்பி இறங்காது.

"தம்பி, எவடத்திலை நிக்கிறாய்?"

"நிக்கேல்லை மாமா, பண்ணைப் பாலத்தாலை போய்க்கொண்டிருக்கிறன்."

"அப்பிடியே றோட்டைக் காட்டு. கடலையும் ஒருக்காக் காட்டு."

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து விநாடி கடலைக் காட்டினால், 80 மீற்றருக்கு மேல் றோட்டைப் பார்க்காமலே கடந்தாயிற்று. மண்கும்பான் பக்கம் இருட்டில் றோட்டிலேயே படுத்திருக்கும் மாட்டுக்கு டைனமோவும் கிடையாது.

மாமன் வைத்தால் அம்மா. "கவனமாப் போறியோ அப்பு?" என்று கேட்கத்தான் எடுக்கிறா. எடுக்காவிட்டால் அவவுக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் ஹெல்மெற்றுக்குள் போனைச் செருகிக்கொண்டு, கவனமாகத்தான் போகிறேன் என்கிறான் பிள்ளை.

நடுவில் ஒரு பொற்காலம் வந்துபோனது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பெடியள் பெற்றோல் வரிசையில் நின்றபடியே போன் பார்த்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. எங்களைக் காப்பாற்றியதும் தட்டுப்பாடுதான், ஒழுக்கம் இல்லை. அந்த வரிசை முடிந்ததும் பெற்றோல் தாராளமாயிற்று. பெடியனுக்குப் புத்தி சொல்ல எல்லாரும் இருக்கிறோம், அதையும் அவன் ஓடும்போது போனில்தான் சொல்கிறோம்.

ஆகவே வெளிநாட்டு மாமன்மாரே, ஊரிலிருக்கும் அம்மாமாரே, நெடுந்தீவுப் பெடியன் குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் படகேறும் வரைக்கும் பொறுங்கள். அதன்பிறகு அவனுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வேறு வேலையில்லை. கடலும் அங்கேதான் கூட.