வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி

1989இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்து நின்ற கார்கள் 39. ஓட இடம் 26க்குத்தான். அதனால் சின்ன அணிகளை வடிகட்ட வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்தகுதிச் சுற்று என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஒரே மணி நேரம். முதல் நான்கு இடத்துக்குள் வராதவர்கள் ஒன்பது மணிக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நாட்களில் பந்தய முடிவுகளைப் பொடி எழுத்து வரைக்கும் விடாமல் படிப்பேன். ஊரே சென்னா, ப்ரோஸ்ட் என்று பேசிக்கொண்டிருக்க, தகுதி பெறாதவர் பட்டியலில் அடிக்கடி வந்த கப்ரியேலே தார்க்வினி என்ற பெயர்மேல்தான் எனக்குப் பிடிப்பு. இத்தாலிக்காரர், 1962இல் பிறந்தவர். ஓசெல்லா, கொலோனி, ஏ.ஜி.எஸ்., ஃபோண்ட்மெட்டல் என்று பணமில்லாத அணிகளாகவே அவருக்கு வாய்த்தன. 78 முறை பெயர் கொடுத்து, ஓடக் கிடைத்தது 38 முறை. கிடைத்த புள்ளி ஒன்றே ஒன்று: 1989 மெக்சிகோவில், ஏ.ஜி.எஸ். காரில் ஆறாவது இடம். அந்தக் காருக்கு அது எவ்வளவு பெரிய ஓட்டம் என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

அவர் டூரிங் கார் பக்கம் திரும்பியதைப் பலர் இறக்கமாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் அம்பாசடரும் உறுமிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெருவில் ஓடுகிற காரைப் பந்தயத்தில் விரட்டுவதற்குத் தனிக் கை வேண்டும். பெரும்பாலான டூரிங் கார்களில் முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினால் பாதிப் பந்தயத்திலேயே முன் டயர்கள் தேய்ந்து வழுக்கும். பக்கத்துக் கார்க்காரன் கதவோடு கதவு உரசுவான். ஜெயித்தால் அடுத்த பந்தயத்துக்குக் காரில் கூடுதல் எடை ஏற்றுகிற வழக்கமும் பல தொடர்களில் உண்டு. நன்றாக ஓட்டியதற்கே சுமை!

1994இல் ஆல்ஃபா ரோமியோ 155இல் பிரிட்டிஷ் தொடருக்குப் போனார் தார்க்வினி. போனதும் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றார். அந்தக் காரின் பின்இறக்கையை உயர்த்திவைக்கும் துண்டுகளைத் தொழிற்சாலையில் பொருத்தவில்லை. கடையில் விற்ற காரின் டிக்கியில் போட்டே கொடுத்தார்கள், வாங்கியவர் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம். விதியில் இருந்த சந்து அது. எதிரணிகள் கொதித்தன. ஓல்ட்டன் பார்க்கில் சச்சரவு முற்றி, ஆல்ஃபா பந்தயத்தை விட்டே வெளியேறியது. நாக்ஹில்லில் அவர் கார் உருண்டு புரண்டது. அத்தனையும் தாண்டி எட்டு வெற்றிகளோடு பட்டம் அவருக்கே வந்தது. வால்வோ அந்த ஆண்டு நீள எஸ்டேட் காரையே களத்தில் இறக்கியிருந்தது. நாய்க்குட்டியை ஏற்றிப்போகிற வண்டி பி.எம்.டபிள்யூவைத் துரத்துகிற அழகை வேறெந்தப் பந்தயமும் தந்ததில்லை.

2003இல் ஐரோப்பியப் பட்டம். பிறகு சியட் அணியில் டீசல் லியோன் கார். 2009 நவம்பரில் மக்காவ் நகரில் டூரிங் கார் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 47. ஃபார்முலா ஒன்னில் ஃபாஞ்சியோ 1957இல் கடைசியாக உலகப் பட்டம் வாங்கியபோது 46தான். அரை நூற்றாண்டு நின்ற அந்த வயதுச் சாதனையை உடைத்தது, முன்தகுதிச் சுற்றில் திரும்பத் திரும்ப வெளியேறிய அதே மனிதர். ஓட்டுநரின் திறமை அன்றும் இதே அளவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் காட்ட ஒரு நல்ல கார் கிடைக்க இத்தனை வருடம் ஆனது.

அதோடும் நிற்கவில்லை. 2018இல் ஹூண்டாய் ஐ30இல் மறுபடி மக்காவ். இருபுறமும் சுவர் நெருக்கும் தெருக்கள். பிழைக்கு இடமே இல்லை. பட்டத்துக்கு மோதியவர் இவான் முல்லர், நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர், 2009இல் இவருடைய சக அணி வீரர். மூன்றே புள்ளி வித்தியாசத்தில் உலகக் கோப்பையைத் தார்க்வினி எடுத்தார். வென்றவருக்கு வயது 56, தோற்றவருக்கு 49. பிள்ளை வயதுக்காரர்கள் நிறைந்த களத்தில் முதல் இரண்டு இடமும் இவர்களுக்கே!

2021இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டோடு அந்த உலகக் கோப்பைத் தொடரும் நின்றுபோனது. ஆனாலும் சாதனைப் பட்டியல்களைப் புரட்டினால், முன்தகுதிச் சுற்றில் அதிக முறை தோற்றவர் என்ற வரியில்தான் அவர் பெயர் முந்திக்கொண்டு வருகிறது. 1992க்குப் பிறகு அந்தச் சுற்றே கிடையாது. எனவே அதை யாரும் முறியடிக்கப்போவதில்லை. அந்த வரியை எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே 1994, 2003, 2009, 2018 என்று நான்கு ஆண்டுகளையும் சேர்த்து எழுத வேண்டும்.