ராமென் பண்டிதர்

டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே யோக்கியமான ராமென் கடை ஒன்று இருக்க, அதைக் கண்ணெடுத்தும் பாராமல், பசித்திருக்கும் சகாக்களைத் திரட்டிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி, சந்துக்குள் சந்தாக நுழைந்து, மழையானாலும் குளிரானாலும் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிற்பாடு கிடைப்பது எதுவோ அதுவே ராமென் என்னும் சித்தாந்தத்தை உடையவர் அவர். அந்த முக்கால் மணியில், 1910-ஆம் வருஷம் அசாகுசாவில் ராய்ராய்கென் கடை திறந்த சரித்திரத்தில் ஆரம்பித்து, 1958-இல் ஆண்டோ மோமோஃபுகு உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்த வைபவம் வரையில் சொல்லி முடித்துவிடுவார். அதை நான் ஆட்சேபிப்பதில்லை. வரிசையில் நிற்கிறவனுக்கு வேறு என்ன ஜோலி?

கிண்ணம் வந்த பிறகு நடப்பதுதான் பொறுக்கத்தக்கதாக இல்லை.

ஹகாதா பாணிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து இறக்கிய வெண்ணிறச் சாறு, அதில் மூழ்கிய மெல்லிய நூடுல்ஸ், மேலே இரண்டு துண்டு இறைச்சி, பாதியாக வகுந்த முட்டை, எல்லாம் ஆவி பறக்க முன்னால் வந்து அமர்ந்ததும் நாம் குச்சியைப் பிரிக்கிறோம். “பொறுங்கள், பொறுங்கள்!” என்கிறார். பந்தியில் சோறு பரிமாறிய பிற்பாடு சங்கல்பம் சொல்லத் தொடங்கும் புரோகிதரைப் போல அவருடைய பிரசங்கம் அப்போதுதான் உதயமாகிறது. முதலில் கிண்ணத்தைத் தரிசிக்க வேண்டுமாம். மேலே மிதக்கும் கொழுப்புத் துளிகளை ஆராய்ந்து, வாசனையைக் கிரகித்து, ஒரே ஒரு கரண்டிச் சாற்றை நாவில் நிறுத்திய பின்னரே நூடுல்ஸைத் தொட அதிகாரம் உண்டாம். இடாமி ஜூஸோ 1985-இல் எடுத்த ‘தம்போபோ’ படத்தில் ஒரு முதியவர் இளைஞனுக்கு ஏறக்குறைய இப்படித்தான் உபதேசம் செய்வார். டைரக்டர் அதைப் பரிகாசமாக எடுத்தார், நம் பண்டிதரோ சாஸ்திரப் பிரமாணமாக எடுத்துக்கொண்டார்.

இனி வருவது விஞ்ஞானப் பகுதி. ஹகாதா நூடுல்ஸ் மெல்லியது. நீர் குறைவாகப் பிசைந்த மாவில் செய்யப்படுவது. ஆகையால் சாற்றை வெகு சீக்கிரத்தில் குடித்து ஊறிப்போகும். அந்த அபாயத்தை உத்தேசித்தே அங்கே ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் ‘காயேதாமா’ என்று மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. ரசிகனானவன் ‘பாரிகதா’ என்று விறைப்பாகவே வேகவைத்துத் தரச் சொல்லி, கிண்ணம் வந்த க்ஷணத்திலேயே, ஒரு விநாடியும் வீணாக்காமல், சத்தமாக உறிஞ்சி முடித்துவிட வேண்டும். ஒரு விநாடியும் வீணாக்கலாகாது என்னும் இந்த மகத்தான தத்துவத்தை அவர் ஸ்தாபித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. அதற்குள் விறைப்பாக வந்த நூடுல்ஸ் வீங்கித் தடித்து, சாறு பாதியாக வற்றி, ஆவி அடங்கிவிடுகிறது. மேடைக்கு அப்புறம் நிற்கும் கடைக்காரர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கும் பார்வையை நான்தான் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பண்டிதர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் அவர் குனிந்து, உலகத்தையே மறந்து உறிஞ்சும் சப்தத்தைக் கேட்டால் கோபம் நிலைப்பதில்லை. மேலதிகாரியிடம் பகலெல்லாம் தலைவணங்கிய மனிதருக்கு, தாம் ஆசார்யராக இருக்கும் இடம் இந்தப் பூமியில் இந்த மேடை ஒன்றுதானே என்று இரக்கம்கூடப் பிறக்கிறது. அந்த இரக்கம், அவர் நிமிர்ந்து, “நூடுல்ஸின் விறைப்பைக் கவனித்தீர்களா!” என்று கேட்கும் வரையில்தான்.

இன்னொன்று. இத்தகைய கடைகளில் வாசலிலேயே இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் ஆயிரம் யென் நோட்டை மட்டுமே விழுங்கும். சகல சாஸ்திரங்களும் அறிந்த நம் பண்டிதர் இதை மட்டும் அறியாதவராக, ஷிபுசாவா எயிச்சியின் திருமுகம் பொறித்த பதினாயிரம் யென் நோட்டு ஒன்றையே எப்போதும் எடுத்து நீட்டுகிறார். 2024-இல் வெளிவந்த புது நோட்டு அது. வெளிவந்த நாள் முதலாக இன்னும் அவரிடமே பத்திரமாக இருக்கிறது. சீட்டுக்குப் பணம் நான் போடுகிறேன். திரும்பி வருவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கிதாகாதா பாணிக் கடை ஒன்றுக்குப் போகலாம் என்கிறார். அங்கே நூடுல்ஸ் தடிமனானது, நீர் அதிகம் சேர்த்துப் பிசைந்தது, அவ்வளவு சுலபத்தில் ஊறாதாம். ஆகையால் விஷயங்களைச் சாவகாசமாக எடுத்துச் சொல்ல வசதியாக இருக்குமாம்.